‘என்’னா, ‘ஏன்’னா? கணினித் திரையில் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிய

கேள்வி இது: “அப்பாவுக்கு 64 வயது. ஓய்வு பெற்ற பிறகு லேப்டாப்பில் தமிழ்த் தளங்களைத்தான் நாள் முழுக்கப் படிக்கிறார். எழுத்து சின்னதாக, மங்கலாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் வருகிறது என்கிறார். ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்து பெரிதானது, ஆனால் கலங்கிப்போனது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. ஊர் வாசகர் வட்டத்துக்காக நான் நடத்தும் சிறிய தளத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?”

முதலில் ரெசல்யூஷனைப் பழையபடியே வைத்துவிடுங்கள். லேப்டாப் திரை எண்ணி வைத்த புள்ளிகளால் ஆனது. இப்போது விற்கும் பலவற்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். அதை 1366-க்கு 768 என்று மாற்றினால் புள்ளிகள் ஒன்றும் பெரிதாகிவிடாது. இல்லாத ஒரு திரையை இருக்கிற திரைமேல் இழுத்துப் பொருத்துகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 1.4 புள்ளிக்கான இடத்தை அடைக்க வேண்டியிருக்கும். 0.4 புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் வண்ணம் கசிகிறது. நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் ரெசல்யூஷன் பட்டியலில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ரெக்கமண்டட்’ என்று இருக்கும். அதுவே திரையின் சொந்த அளவு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். இரண்டும் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வழி வேறு. ரெசல்யூஷனைக் குறைப்பது வரைந்து முடித்த படத்தை இழுப்பது போல. ஸ்கேலைக் கூட்டினால் கணினி எழுத்தைப் புதிதாக, கூடுதல் புள்ளிகளைக் கொண்டு வரைகிறது. ஒரு ‘ழ’வை வரைய இருபது புள்ளி கிடைப்பதற்கும் முப்பது புள்ளி கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்பாவுக்கு உடனே தெரியும்.

லேப்டாப்பில் ஏன் இந்தத் தொல்லை அதிகம் என்றால், பிரவுசர்கள் பொதுவாக எழுத்தின் இயல்பளவாக 16 பிக்சலை (பிக்சல் என்றால் புள்ளி) வைத்துக்கொள்கின்றன. ஸ்கேல் 100 சதவீதத்தில் இருக்கும்போது, 1920-க்கு 1080 புள்ளி கொண்ட 24 அங்குல மானிட்டரில் அந்த 16 பிக்சல் சுமார் 4.4 மில்லிமீட்டர். அதே புள்ளிகளை 15.6 அங்குல லேப்டாப்பில் நெருக்கி அடைத்தால் 2.9 மில்லிமீட்டர்தான். இது எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். எழுத்து அதிலும் சிறியது. கடையில் பெரிய மானிட்டரில் பார்த்துவிட்டு வீட்டில் லேப்டாப்பைத் திறப்பவருக்குத் தன் கண்தான் கெட்டுவிட்டது என்று தோன்றுவது இயற்கை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். திரை எழுத்தைப் பற்றி நாம் கேள்விப்படும் அளவுகள் எல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொன்னவை. தமிழ் எழுத்துக்கு அவை போதாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வாசகரிடம். பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழின் இணையப் பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தேன். அப்போது அழகு என்று எல்லோரும் நினைத்த மாதிரியே செய்தேன்: 14 பிக்சல், வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, இரு ஓரமும் நேராக வெட்டிய பத்தி. ஒரு வாரத்தில் ஒரு முதியவர் தொலைபேசினார். “தம்பி, அந்தக் கவிதையின் கடைசி வரியில் ‘என்’ என்று போட்டிருக்கிறீர்களா, ‘ஏன்’ என்று போட்டிருக்கிறீர்களா? அரை மணி நேரமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை” என்றார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஏன்’ என்றுதான் இருந்தது. ஆனால் ‘ஏ’யின் அந்தக் கீழ்க் கால் ஒரே ஒரு புள்ளி, அதுவும் சாம்பல் நிறத்தில். அந்த ஒரு புள்ளியில்தான் கவிதையே நின்றது. அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைச் செய்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நம் எழுத்தை நிதானமாகப் பாருங்கள். எ, ஏ இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு. ஒ, ஓ இரண்டுக்கும் நடுவே ஒரு சுழி. இவற்றைப் பிரித்துக் காட்டும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு முன் குறிலின் மேல் புள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. கெ, கே என்றால் கொம்பில் கூடுதலாக ஒரு சுழி. கி, கீ என்றால் மேல் விசிறியின் நுனியில் ஒரு சுழி. ‘கண’ என்பது ‘கண்’ ஆவதற்கு ஒரு புள்ளி. துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் உள்ள வேறுபாடு கீழே சாயும் ஒரு வால். ன, ண இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மங்கினால் மற்ற எழுத்துகளை வைத்துச் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் மங்குகிற அந்த நுனி பெரும்பாலும் பொருளையே மாற்றுகிற நுனி. எடு ஏடாகிறது, பெய் பேயாகிறது, விடு வீடாகிறது. மூளை ஒவ்வொரு முறையும் முன்பின் சொற்களைப் பார்த்து இது குறிலா நெடிலா என்று தீர்த்துக்கொண்டே போகிறது. அப்பா களைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரத்திலும் தமிழ் வேறு. மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘மு’, ‘ழு’, ‘கூ’, ‘து’ ஆகியவற்றின் வளைவுகளும். மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘ல்’லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் புள்ளி எந்த வரிக்கு உரியது என்றே கண் தடுமாறும்.

ஆகவே ஒரு சோதனை வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எடு ஏடு, ஒடு ஓடு, பெய் பேய், கொடு கோடு, விடு வீடு, கண கண், மனம் மணம், அரம் அறம். இதை யூனிகோடில் (எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையில்) தட்டி ஒரு மின்னஞ்சலாக அப்பாவுக்கு அனுப்புங்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில், முதுகைச் சாய்த்தபடியே படிக்க வேண்டும். முன்னால் குனிந்தால் அளவு போதாது. இனி நான் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்த வரியைக் காட்டுங்கள். அப்பா “இப்போ நல்லா இருக்கு” என்று சொல்வதைவிட இது நம்பகமானது. பிள்ளை மெனக்கெடுவதைப் பார்த்து அப்பாக்கள் அப்படிச் சொல்லிவிடுவார்கள்.

சரி, பிரவுசருக்கு வருவோம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பிளஸ் தட்டினால் பக்கம் பெரிதாகும், மைனஸ் தட்டினால் சிறிதாகும், பூஜ்யம் தட்டினால் பழைய நிலைக்கு வரும். இது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது, குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுமே ஒவ்வொரு தளத்துக்கும் நீங்கள் வைத்த அளவைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பது. அப்பா தினமும் போகும் ஐந்தாறு தளங்களை நீங்களே ஒருமுறை திறந்து அளவு வைத்துக் கொடுத்துவிட்டால் அவர் மறுபடி தொட வேண்டியதில்லை. எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து வைக்க, குரோமில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ் பகுதியில் ‘பேஜ் ஜூம்’ இருக்கிறது. 125 சதவீதத்தில் தொடங்குங்கள்.

அதே அப்பியரன்ஸ் பகுதியில் ‘கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ்’ என்பதற்குள் ‘மினிமம் ஃபான்ட் சைஸ்’ என்று ஓர் இழுப்பான் உண்டு. எந்தத் தளம் எவ்வளவு சின்ன எழுத்தைக் கேட்டாலும் இந்த அளவுக்குக் கீழே பிரவுசர் இறங்காது. என்னைக் கேட்டால் ஜூமைவிட இது அப்பாவுக்கு ஏற்றது. ஜூம் செய்தால் ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பும் படமும் சேர்ந்து ஊதிவிடும், பக்கம் முழுக்க உருட்ட வேண்டியிருக்கும். குறைந்தபட்ச அளவு வைத்தால் சின்னது மட்டும் வளரும். சில தளங்களில் மெனு சற்றுக் கலைந்து தெரியலாம், பொறுத்துக்கொள்ளலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது, அதனால் தமிழ் அதிகம் படிப்பவர்களுக்கு நான் அதைத்தான் நிறுவிக் கொடுக்கிறேன். அதன் செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ் பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தினால் மொழிவாரியாக எழுத்துரு தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். அதில் தமிழ் தனியாக இருக்கிறது. தமிழுக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஒரு குறைந்தபட்ச அளவு. ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தமிழை மட்டும் வளர்க்கலாம். அதே பெட்டியின் அடியில், பக்கங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டம் இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிட்டால் எந்தத் தளமாக இருந்தாலும் அப்பாவுக்குப் பிடித்த எழுத்துருவிலேயே தெரியும்.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஒரு பக்கம் தமிழா ஆங்கிலமா என்பதை ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வைத்து முடிவு செய்கிறது. ஏராளமான தமிழ்த் தளங்கள் எங்கிருந்தோ எடுத்த வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) ஓடுவதால் ‘நான் ஆங்கிலம்’ என்று அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் குறைந்தபட்ச அளவைத் தமிழுக்கும் லத்தீனுக்கும் இரண்டிலும் வைத்துவிடுங்கள். இரண்டு, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய யூனிகோடுக்கு முந்தைய பக்கங்கள் இன்னும் சில உயிரோடு இருக்கின்றன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. பக்கத்தின் சொந்த எழுத்துருவைத் தடுத்தால் அங்கே வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். அப்படிப்பட்ட தளம் அப்பாவின் பட்டியலில் இருந்தால் அந்த டிக்கை மறுபடி போட்டுவிடுங்கள்.

அடுத்தது படிப்பு நிலை. விளம்பரம், ஓரப்பட்டி, துள்ளும் பெட்டி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கட்டுரையை மட்டும் காட்டும் ஏற்பாடு. ஆப்பிள் 2010-இல் சஃபாரியில் இதைக் கொண்டுவந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2015-இல் கணினிக்குக் கொண்டுவந்தது. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் எஃப் 9 விசையைத் தட்டினால் போதும். குரோமில் பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ரீடிங் மோடு என்று வரும். ஃபயர்ஃபாக்ஸில் எழுத்தின் அளவு, வரி இடைவெளி, பத்தியின் அகலம், பின்னணி நிறம் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றலாம். ஒருமுறை வைத்தால் அடுத்த கட்டுரைக்கும் அப்படியே இருக்கும். முகப்புப் பக்கத்தில் இது வேலை செய்யாது, ஒரு கட்டுரைக்குள் போன பிறகே செய்யும். இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று விட்டுவிடுவார்.

கண் ரொம்பக் களைத்த நாளில் காதால் படிக்கலாம். எட்ஜில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை உரக்கப் படிக்கும். தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் குரல்கள் உண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனிக் குரல்கள் இருக்கின்றன. நீண்ட கட்டுரைகளுக்கு நன்றாகவே இருக்கிறது.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 2000-த்தோடு லதா வந்தது. நம்மில் பலர் யூனிகோடுத் தமிழை முதலில் பார்த்தது அதில்தான். விண்டோஸ் 7-இல் விஜயா வந்தது, விண்டோஸ் 8-இல் நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10 முதல் நிர்மலாதான் இயல்பாக இருக்கும், லதாவும் விஜயாவும் வேண்டுமானால் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய துணை எழுத்துருக்கள் ஆகிவிட்டன. மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம் போன்றவை இருக்கும். அவை மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்தவை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கியவரும் அவரே.

ஒரே 16 பிக்சலில் இந்த எழுத்துருக்கள் ஒரே அளவில் தெரியாது. லதா பரந்து உட்காரும், விஜயா அதைவிடச் சிறுத்துத் தெரியும். ஆகவே ‘எத்தனை பிக்சல்’ என்ற கேள்விக்கு ‘எந்த எழுத்துருவில்’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அப்பாவின் கணினிக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் இறக்கிக் கொடுங்கள், இலவசம்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் கட்டங்கள் தெரியும் அல்லவா, அவற்றைக் கணினிக்காரர்கள் டோஃபு என்பார்கள். டோஃபுவே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்ததால் நோட்டோ. இவற்றில் செரிஃப் அச்சுப் புத்தகத்தின் தடித்த, மெலிந்த கோடுகளோடு இருக்கும். புத்தகத்தில் பழகிய கண்ணுக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் புள்ளி நெருக்கம் குறைந்த பழைய மானிட்டரில் மெலிந்த கோடு மறைந்துவிடும், அங்கே சான்ஸ்தான் சரி. சோதனை வரியை இரண்டிலும் காட்டி அப்பாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸில் கிளியர்டைப் என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக இயக்கி எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாக்கும் உத்தி அது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்து, எக்ஸ்பியில் சேர்த்தது. ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சில மாதிரிப் பத்திகளைக் காட்டி, எது தெளிவு என்று கேட்கும். அப்பாவே உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவருக்காக நீங்கள் செய்யக் கூடாது. கீற்றுகள் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதால் இந்த உத்தி கிடைவாக்கில்தான் கூர்மை தரும். தமிழின் புள்ளியும் விசிறியும் மேல்கீழாக அமைபவை, அங்கே இதன் உதவி குறைவு. அதனால் கிளியர்டைப்பைச் சரிசெய்தாலும் அளவைக் கூட்டுவதைத் தவிர்க்க முடியாது.

டிவியையோ பழைய மானிட்டரையோ லேப்டாப்போடு இணைத்துப் பார்க்கிறார் என்றால் கேபிளையும் பாருங்கள். பழைய விஜிஏ கேபிளில் எழுத்தின் ஓரம் நிழல் விழுந்தது போல இருக்கும், எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். டிவியில் பிக்சர் மோடைக் கம்ப்யூட்டர் அல்லது பிசி என்று வைத்தால் பல சமயம் எழுத்து சட்டென்று தெளியும்.

இப்போது கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். இங்கே பலர் கவனிக்காதது தூரம். படிக்கும் கண்ணாடி பொதுவாகப் புத்தகத் தூரத்துக்குக் கொடுப்பது, முப்பத்தைந்து நாற்பது சென்டிமீட்டர். திரை இருப்பதோ ஒரு கை நீளத்தில், ஐம்பதிலிருந்து எழுபது சென்டிமீட்டரில். புத்தகக் கண்ணாடியில் திரை மங்கும், தூரக் கண்ணாடியிலும் மங்கும். தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக வரும் புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் அதன் கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு கழுத்து வலியில் முடிப்பார்கள். அப்பா எந்தத் தூரத்தில் திரையைப் பார்க்கிறார் என்று டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார். கண்ணாடி மாற்றியும் பயனில்லை என்கிறீர்களே, இதுதான் காரணமாக இருக்கலாம். அந்த வயதில் கண்புரை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

கண்ணில் நீர் வருவது பெரும்பாலும் கண் உலர்வதால். முரணாகத் தோன்றினாலும் அப்படித்தான். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, கண் உலர்ந்து எரிகிறது, எரிச்சலுக்குக் கண்ணீர் சுரக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி உள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்வார்கள், வாசல் வேப்பமரம் போதும். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல், லேப்டாப் திரைக்குப் பின்னாலோ அவர் முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு, அவை குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆளைப் பொறுத்தது. கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளைத் திரையின் கூச்சம் தாங்காது, கறுப்பு ஆறுதலாக இருக்கும். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து பூத்துப்போய், ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். நடுவழியாக, திரையின் வெளிச்சத்தை அறை வெளிச்சத்துக்கு இறக்கி, படிப்பு நிலையில் செபியா நிறத்தை வைத்துப் பாருங்கள். புத்தகத் தாளின் நிறம் அது.

கடைசியாக உங்கள் தளம். இதுவரை சொன்னதெல்லாம் ஒருவருக்கு உதவும், தளத்தைச் சரிசெய்தால் வருகிற அத்தனை பேருக்கும் உதவும். அதனால் இதை ஒரு மாலை உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

நிறத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் தடையின்றிப் படிக்கும்படி தளங்களை அமைப்பதற்கான இணைய அணுக்க வழிகாட்டு நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. உயர்ந்த தரம் 7-க்கு 1. தளத்தில் நிறங்களை ஆறு இலக்கக் குறியீட்டால் சொல்வார்கள்; வெள்ளைமேல் 999999 என்ற சாம்பல் வெறும் 2.85. 777777 மயிரிழையில் தவறி 4.48-இல் நிற்கிறது. 767676 தேறிவிடும். ஆனால் தமிழின் சின்னப் புள்ளிக்கு அந்த விளிம்பு போதாது என்பது என் அனுபவம். 333333 வையுங்கள், 12.6 கிடைக்கும். தேதி, ஆசிரியர் பெயர், படக்குறிப்பு ஆகியவற்றுக்குக்கூட 555555-ஐவிட வெளிறிப் போக வேண்டாம்.

பத்தியின் எழுத்து தமிழுக்கு 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது, 20 இருந்தால் நல்லது. அதையும் பிக்சலில் எழுதாமல் ரெம் என்ற அலகில் எழுதுங்கள். அப்போதுதான் பிரவுசரில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பவரின் விருப்பத்தை உங்கள் தளம் மதிக்கும். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.7 அல்லது 1.8 மடங்கு. ஆங்கிலத்துக்குச் சொல்லும் 1.5-இல் நம் கொம்பும் புள்ளியும் மூச்சுத் திணறும்.

வரியின் நீளத்துக்கு எழுத்துகளை எண்ணாதீர்கள், சொற்களை எண்ணுங்கள். நல்ல அச்சில் வந்த ஒரு தமிழ் நாவலை எடுத்து ஒரு வரியில் எத்தனை சொல் இருக்கிறது என்று பாருங்கள், ஏழெட்டுதான் இருக்கும். திரையில் பத்து வரை போகலாம். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும் வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும்போதுதான் வயதானவர்கள் ஒரே வரியை இருமுறை படிக்கிறார்கள்.

இரு ஓரமும் நேராக்கும் ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை. ‘பேசிக்கொண்டிருந்தவர்களையும்’ என்று ஒரே சொல் வரும். நாளிதழ்காரர்கள் அதை எந்த எழுத்திலும் உடைத்து, இடைக்கோடுகூடப் போடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். பிரவுசர் வழக்கமாக இடைவெளியில் மட்டுமே உடைக்கும். அந்த நீளச் சொல் அடுத்த வரிக்குப் போனதும் மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களை இழுத்து நிரப்பும். பத்திக்குள் வெள்ளை ஓட்டைகள் வரிசையாக ஓடும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வார்ப்புருவில் ரோபோட்டோ என்றோ ஏரியல் என்றோ மட்டும் இருந்தால் அவற்றில் தமிழே இல்லை. பிரவுசர் அந்தந்தக் கணினியில் கிடைப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் மேக்கில் அழகாகத் தெரிவது அப்பாவின் விண்டோஸில் வேறொன்றாக இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ தவிர முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்திக்கு முக்த மலரோ நோட்டோவோ வைப்பேன், கட்டமரானைத் தலைப்புக்கு வைப்பேன். மெலிந்த எடை வேண்டாம், 400 அல்லது 500. தடித்த எடைக்கான கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் இருக்கும் எழுத்தையே பூசிப் பெருக்கும், ‘ஊ’வின் நடுவும் ‘ணை’யின் சுழியும் அடைபட்டுவிடும். சாய்வெழுத்தும் அப்படியே. தமிழில் அது மரபு இல்லை, பிரவுசர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, கொம்பும் காலும் தடுமாறுகின்றன. மேற்கோளைக் காட்ட மேற்கோள்குறியோ வேறு நிறமோ போதும்.

பக்கத்தின் நிரலின் தொடக்கத்தில் மொழி ‘en’ (ஆங்கிலம்) என்று இருந்தால் ‘ta’ (தமிழ்) என்று மாற்றுங்கள். ஒரே ஒரு சொல்தான். அதை வைத்துத்தான் ஃபயர்ஃபாக்ஸ் தமிழ் அமைப்புகளை எடுக்கிறது, பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களும் தமிழ்க் குரலுக்கு மாறுகின்றன.

கவிதையையும் கூட்ட அறிவிப்பையும் படமாக ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பூப்போட்ட பின்னணியில் வந்த அறிவிப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை அப்பாவுக்காகச் செய்த எதுவும் அதன்மேல் செல்லாது. பெரிதாக்கினால் கலங்கும், எழுத்துரு மாறாது, உரக்கப் படிக்காது, தேடினால் கிடைக்காது. படம் இருக்கட்டும், அதன் கீழே அதே சொற்களை எழுத்தாகத் தட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அந்தச் சோதனை வரியை உங்கள் தளத்திலேயே ஒரு தனிப் பக்கமாகப் போட்டு, அப்பாவின் லேப்டாப்பில் திறந்து வையுங்கள். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ‘பெய்’யையும் ‘பேய்’யையும் தடுமாறாமல் சொன்னால் அந்த அளவை அப்படியே விட்டுவிடலாம். தடுமாறினால் இரண்டு பிக்சல் கூட்டுங்கள்.